நூற்றுக்கு ஐந்து பேர்: நுரையீரல் புற்றுநோய் கீமோவை அளக்க ஏன் இத்தனை நோயாளிகள் தேவைப்படுகிறார்கள்?

"கீமோவால் இறப்பு அபாயம் 23 சதவீதம் குறைந்தது" என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பக்கத்தில் இன்னொரு செய்தி: "கீமோ கொடுத்தும் கூடிய ஆயுள் பத்து வாரம்தான்." படிப்பவர் இரண்டில் ஒன்று பொய் என்றுதான் நினைப்பார். ஆனால் இரண்டும் ஒரே ஆய்வைப் பற்றி எழுதப்பட்டவையாக இருக்கலாம். இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். பிரிட்டனில் 1995 முதல் 2001 வரை நோயாளிகளைச் சேர்த்த ஓர் ஆய்வின் முடிவை மேலே சொன்ன இரண்டு விதமாகவும் எழுத முடியும். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, அவற்றைப் பெற ஏன் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான நோயாளிகள் முன்வர வேண்டியிருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பரிசோதனை என்ற சொல்லால் வரும் குழப்பம்

தமிழில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் பரிசோதனை, புதிய மருந்தை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதும் பரிசோதனை. "உங்களை ஒரு பரிசோதனையில் சேர்க்கலாமா?" என்று மருத்துவர் கேட்டால் ஒருவர் ஸ்கேன் என்று நினைத்துத் தலையாட்டுவார், இன்னொருவர் எலிக்கூண்டை நினைத்து எழுந்து போய்விடுவார். அதனால் இந்தக் கட்டுரையில், மருந்தையோ சிகிச்சை முறையையோ நோயாளிகளிடம் ஒழுங்குமுறையாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை, மருத்துவமனைகளில் சொல்வதுபோலவே டிரையல் என்று அழைக்கிறேன்.

டிரையலுக்கு மூன்று முக்கியக் கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்து, எந்த அளவு வரை உடம்பு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் உண்மையான கேள்வி வருகிறது: இப்போது கொடுத்துவரும் சிகிச்சையைவிட இது மேலா? மருந்து விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பது நான்காம் கட்டம். கீமோவைப் பொறுத்தவரை பொதுமக்கள் காதில் விழும் டிரையல்களில் பெரும்பாலானவை மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்தவை. இனி நாம் பேசப்போவதும் அதைத்தான்.

நோயும் மருந்தும்

நுரையீரல் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. நுண்ணோக்கியில் பார்க்கும்போது செல்கள் சிறியவையாகத் தெரியும் வகை சுமார் 15 சதவீதம். அது வேகமாகப் பரவும், கீமோவுக்கும் வேகமாக அடங்கும், பெரும்பாலும் திரும்பி வரும். மற்ற 85 சதவீதத்தையும் சேர்த்து 'சிறு செல் அல்லாத' வகை என்கிறார்கள். அதற்குள் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் என்று பிரிவுகள் உண்டு. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 25 லட்சம் பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 18 லட்சம் பேர் இறந்தார்கள். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கொண்டுபோவதில்லை.

கீமோ மருந்துகளில் இந்த நோய்க்கு முதுகெலும்பாக இருப்பது பிளாட்டினம் சேர்ந்த சிஸ்பிளாட்டின். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்சாரம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிளவுபடாமல் நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். செல் பிளவுபடுவதைத் தடுக்கும் பொருள் புற்றுநோயையும் தடுக்குமல்லவா? 1978இல் அது விரைப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சிஸ்பிளாட்டின் ஏற்றும் நாள் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வரும் எண்கள் இந்த நாளோடு ஒப்பிட்டால்தான் புரியும். சிறுநீரகம் கெடாமலிருக்க, மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏறும். அதோடு பொட்டாசியம், மக்னீசியம். வாந்தியை அடக்க முன்கூட்டியே ஊசி. நர்ஸ் வந்து சிறுநீர் எவ்வளவு போயிற்று என்று அளந்து எழுதிக்கொண்டு போவார். வீட்டுக்குப் போன பிறகுதான் குமட்டல் உச்சத்துக்கு வரும். சிலருக்குக் காதில் இரைச்சல் தொடங்கி நிலைத்துவிடும், விரல் நுனி மரத்துப்போகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இது திரும்பத் திரும்ப நடக்கும். இத்தனையும் பட்டு என்ன பலன் என்று நோயாளி கேட்டால், "எனக்குத் தோன்றுகிறது" என்பதைவிட உறுதியான பதில் மருத்துவரிடம் இருக்க வேண்டும்.

ஒரு மருத்துவரின் கண்ணுக்குத் தெரியாத பலன்

கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு, எங்காவது ஒளிந்திருக்கும் செல்களை அழிக்கக் கீமோ கொடுப்பது இன்று வழக்கம். அதனால் ஐந்து ஆண்டுகள் கடந்தும் உயிரோடு இருப்போர் எவ்வளவு கூடுகிறார்கள்? 4,584 நோயாளிகள் பங்கெடுத்த ஐந்து பெரிய டிரையல்களின் தரவுகளை ஒன்றாக்கி 2008இல் வெளியிட்ட கணக்கு சொல்வது: 5.4 சதவீதம். நூற்றுக்கு ஐந்து பேர்.

இதை ஒரு மருத்துவரின் பார்வையில் வைத்துப் பாருங்கள். அவர் ஆண்டுக்கு 40 பேருக்கு நுரையீரல் அறுவை செய்கிறார். 20 பேருக்குக் கீமோ கொடுக்கிறார், 20 பேருக்குக் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, கீமோ இல்லாதவர்களில் 8 பேர் பிழைத்திருந்தால், கீமோ பெற்றவர்களில் 9 பேர் பிழைத்திருப்பார்கள். ஒரே ஓர் ஆள்தான் வித்தியாசம். அந்த ஓர் ஆள் சாலை விபத்தில் போய்விட்டால் கீமோ வீண் என்று ஆகிவிடும். தற்செயலாக இன்னும் இரண்டு பேர் பிழைத்துவிட்டால் அதே கீமோ அற்புத மருந்தாகிவிடும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவரும் இந்த ஐந்து பேரைத் தன் கண்ணால் பார்த்துவிட முடியாது. அவருடைய திறமையில் குறையில்லை, எண்ணிக்கை போதாது. 40 சதவீதம் 45 ஆக உயர்வதைத் தற்செயலிலிருந்து ஓரளவு நம்பகமாகப் பிரித்தறிய வேண்டுமென்றால், இரு குழுவிலும் சேர்த்து 3,000 பேராவது வேண்டும் என்கிறது புள்ளியியல் கணக்கு.

அற்புதமான மருந்துக்கு இத்தனை பேர் தேவையில்லை. முன்பு இறந்துகொண்டிருந்த எல்லோரும் ஒரு மருந்தால் பிழைத்தால் பத்துப் பேரிலேயே தெரிந்துவிடும். நுரையீரல் புற்றுநோயில் முன்னேற்றம் அப்படிப் பாய்ச்சலாக வரவில்லை. சிறு சிறு படிகளாகத்தான் வந்திருக்கிறது. சிறிய படியை அளக்கப் பெரிய அளவுகோல் வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மையமே.

குடவோலையும் கணினியும்

எண்ணிக்கை மட்டும் போதாது. பிரிக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். மருத்துவரே பிரித்தால் தெம்பாக இருப்பவருக்குக் கீமோவும், தள்ளாடுபவருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துவிடுவார். அது மனித இயல்பு. பிறகு கீமோ பெற்றவர்கள் நீண்டநாள் வாழ்ந்தார்கள் என்றால், வாழவைத்தது மருந்தா, அவர்களுக்கு முன்பே இருந்த தெம்பா என்று சொல்ல முடியாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைத் தேர்தலைப் பற்றிப் படித்திருப்போம். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்க வைத்தார்கள். பெரியவர் கை குடத்துக்குள் போகக் கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம். டிரையலில் அந்தச் சிறுவனின் வேலையைக் கணினி செய்கிறது. நோயாளி ஒப்புதல் கொடுத்த பிறகு, மருத்துவமனையிலிருந்து மத்திய அலுவலகத்துக்கு விவரம் போகும். இவர் எந்தக் குழு என்று பதில் வரும். முன்கூட்டியே மருத்துவருக்கும் தெரியாது. சீரற்ற ஒதுக்கீடு என்பது இதுதான். வயது, புகைப்பழக்கம், பணம், தெம்பு, நமக்கு இன்னும் பெயர்கூடத் தெரியாத காரணங்கள், எல்லாமே இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும்.

"ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் விடுவது அநியாயம் இல்லையா?" என்ற கேள்வி நியாயமானது. எது மேல் என்று தெரிந்த பிறகும் குலுக்கிப்போட்டால் அது அநியாயம்தான். எது மேல் என்று உண்மையாகவே தெரியாத நிலையில் மட்டும்தான் டிரையல் நடத்த அறநெறி இடம் தருகிறது. புற்றுநோய் டிரையலில் உள்ள ஒப்பீட்டுக் குழுவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்கள் என்ற அச்சமும் பெரும்பாலும் ஆதாரமற்றது. நல்ல சிகிச்சை ஒன்று ஏற்கெனவே இருந்தால் ஒப்பீட்டுக் குழுவுக்கு அது கிடைக்கும். போலி மருந்து சேர்த்தாலும், பொதுவாக அந்த நல்ல சிகிச்சைக்கு மேலாகத்தான் சேர்ப்பார்கள்.

நல்லெண்ணம் செய்த தீங்கு

டிரையல் இல்லாமலே கொடுத்தால் என்ன ஆகும்? 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. உலகெங்கும் நடந்த 52 டிரையல்களில் இருந்த 9,387 நோயாளிகளின் தனித்தனி விவரங்களையும் திரட்டி ஒன்றாகக் கணக்கிட்டார்கள். சிஸ்பிளாட்டினுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஆல்கைலேட்டிங் வகை மருந்துகளை, அறுவைக்குப் பிறகு நீண்டகாலம் கொடுத்தவர்களுக்கு இறப்பு அபாயம் 15 சதவீதம் அதிகமாகியிருந்தது. குறையவில்லை, அதிகமாகியிருந்தது. நோயாளிக்கு நல்லது என்று நினைத்துத்தான் அந்த மருந்துகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள்.

அதே தொகுப்பில் சிஸ்பிளாட்டின் சேர்ந்த முறைகள் மாறாகத் தெரிந்தன. நோய் முற்றியவர்களில் ஓராண்டு கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாக இருந்தார்கள். அறுவைக்குப் பிறகு கொடுத்தவர்களில் ஐந்து ஆண்டில் சுமார் 5 சதவீதம் பலன் இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாமல், உறுதி என்று ஏற்கவும் முடியாமல் அந்த எண் இடையில் நின்றது.

பிரிட்டனின் பெரிய டிரையல்

அன்றைய பிரிட்டிஷ் மருத்துவர்களில் பலருக்கு நுரையீரல் புற்றுநோயில் கீமோ மேலேயே நம்பிக்கை இல்லை. "இறக்கப்போகிறவரை ஏன் வாந்தி எடுக்கவைக்க வேண்டும்?" என்பது அவர்கள் தரப்பு. இரக்கமற்ற கேள்வி அல்ல அது. அந்தச் சூழலில்தான் 'பிக் லங் டிரையல்' தொடங்கியது. அதன் வடிவமே ஒரு நடைமுறைப் புத்திசாலித்தனம்: மருத்துவர் தனக்குப் பழகிய நான்கு சிஸ்பிளாட்டின் முறைகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம், மூன்று முறை, மூன்று வார இடைவெளியில். படிவங்களும் கெடுபிடிகளும் குறைந்தால் சாதாரண மருத்துவமனையும் சேரும் என்பது எண்ணம்.

நோய் முற்றிய 725 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வலி மருந்து, தேவைப்பட்டால் கதிர்வீச்சு போன்ற ஆதரவுச் சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு அதோடு கீமோ. 2004இல் வந்த முடிவு:

1. நடுநிலை ஆயுள் 5.7 மாதத்திலிருந்து 8.0 மாதமாகக் கூடியது. நோயாளிகளை அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்ற வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாழ்ந்த காலம்தான் நடுநிலை ஆயுள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பத்து வாரம் இந்த வித்தியாசம்தான்.

2. அபாய விகிதம் 0.77. அதாவது ஏதோ ஒரு மாதத் தொடக்கத்தில் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால், அந்த மாதத்தில் கீமோ இல்லாத பக்கம் 100 பேர் இறக்கும்போது கீமோ பக்கம் 77 பேர் இறந்தார்கள். 23 சதவீதம் என்ற செய்தி இங்கிருந்து வருகிறது.

3. ஓராண்டு கடந்தவர்கள் நூற்றுக்கு 20 என்பது 29 ஆனது.

மூன்றும் ஒரே உண்மையின் மூன்று முகங்கள். நோயாளிக்கு எளிதில் புரிவது மூன்றாவது என்பது என் கருத்து. விளம்பரத்துக்கு உதவுவது இரண்டாவது.

இங்கே சங்கடமான கணக்கு ஒன்றும் உண்டு. மூன்று சுற்றுக் கீமோவுக்கு ஒன்பது வாரம் போய்விடும். கூடிய ஆயுளோ பத்து வாரம். கிடைத்ததையெல்லாம் ஆஸ்பத்திரியே எடுத்துக்கொண்டதா? இந்தக் கேள்வியை முன்கூட்டியே எதிர்பார்த்து, பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரிடம் தூக்கம், வலி, மூச்சிரைப்பு, அன்றாட வேலை ஆகியவற்றைப் பற்றி வினாத்தாள் கொடுத்துக் கேட்டிருந்தார்கள். கீமோ பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் பெரிய அளவில் கெட்டுவிடவில்லை என்று பதில் வந்தது. நம்பிக்கையற்ற மருத்துவர்களுக்கு அந்தப் பதில், ஆயுள் கணக்கைவிட முக்கியமாகப்பட்டிருக்கும். கட்டி அழுத்துவதால் வரும் மூச்சிரைப்பும் இருமலும் குறைவது கீமோவின் தொல்லையை ஓரளவு ஈடுகட்டிவிடும் என்பதை அனுபவமுள்ள நர்ஸுகள் சொல்வார்கள்.

381 பேர் சொன்னதும் 1,867 பேர் சொன்னதும்

அதே டிரையலின் இன்னொரு பிரிவு, அறுவை செய்துகொள்பவர்களுக்கானது. அதில் சேர்ந்தவர்கள் 381 பேர்தான். முடிவு: அபாய விகிதம் 1.02, கீமோவால் பலன் தெரியவில்லை. அதே 2004இல் 33 நாடுகளின் 148 மையங்களில் நடந்த சர்வதேச டிரையலின் முடிவும் வந்தது. 1,867 பேர். ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 40.4 சதவீதத்திலிருந்து 44.5 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள்.

யார் சொன்னது சரி? இரண்டும் முரண்படவே இல்லை என்பதுதான் விடை. 381 பேரை வைத்துக் கணக்கிட்டபோது உண்மையான அபாய விகிதம் 0.77 முதல் 1.35 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றே வந்தது. 23 சதவீத நன்மையும் அதற்குள் அடங்கும், 35 சதவீதத் தீமையும் அடங்கும். ஆக அந்தப் பிரிவு "பலன் இல்லை" என்று சொல்லவில்லை; "எனக்குத் தெரியவில்லை" என்றுதான் சொன்னது. ஆள் போதாத டிரையலின் துயரம் இது. 381 பேர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள், ஊசி ஏற்றிக்கொண்டார்கள் அல்லது ஏற்றிக்கொள்ளாமல் காத்திருந்தார்கள். அவர்கள் விவரங்கள் பிற்பாடு மற்ற டிரையல்களோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டபோதுதான் முழுப் பயன் தந்தன. சர்வதேச டிரையலே 3,300 பேர் வேண்டும் என்று திட்டமிட்டு, ஆட்கள் மெதுவாக வந்ததால் பாதி வழியில் மூடப்பட்டதுதான். அதில் தெரிந்த பலன், கூடுதல் ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது தேய்ந்தும் போனது. பலனை உறுதிப்படுத்தியது முன்பு சொன்ன 2008இன் தொகுப்பு.

ஆள் அதிகமாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. 2008இல் வெளியான ஒரு டிரையலில் 1,725 பேருக்கு சிஸ்பிளாட்டினோடு பெமட்ரெக்செட் அல்லது ஜெம்சிடபின் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் நடுநிலை ஆயுள் 10.3 மாதம். அச்சு அசலாகச் சமம். ஆனால் செல் வகை வாரியாகப் பிரித்தபோது படம் மாறியது: அடினோகார்சினோமாவில் பெமட்ரெக்செட் பெற்றவர்கள் 12.6 மாதம், மற்றவர்கள் 10.9. ஸ்குவாமஸ் வகையில் தலைகீழ்: 9.4, 10.8. இன்று பயாப்சி அறிக்கையில் செல் வகையைத் தெளிவாக எழுதச் சொல்லி மருத்துவர் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம். 400 பேரோடு நிறுத்தியிருந்தால் "இரண்டும் ஒன்றே" என்று எழுதி மூடியிருப்பார்கள்.

யார் மறுக்கிறார்கள்?

நோயாளிகள் பயப்படுகிறார்கள், அதனால்தான் ஆள் சேர்வதில்லை என்பது பரவலான எண்ணம். அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் வேறு படத்தைக் காட்டுகிறார்கள். புற்றுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அவர்கள் சிகிச்சை பெறும் இடத்தில் பொருத்தமான டிரையலே இல்லை. ஐந்தில் ஒருவருக்கு வயது, சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களால் தகுதி இல்லை. கடைசியில் சேர்பவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். ஆனால் நேராகக் கேட்கப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் சரி என்கிறார்கள். கேட்காமலே "அவர்கள் வரமாட்டார்கள்" என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

பிரிட்டன் இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. 2001இல் இங்கிலாந்தில் தேசியப் புற்றுநோய் ஆய்வு வலையமைப்பை ஏற்படுத்தி, டிரையலுக்கென்றே நர்ஸுகளையும் தரவு அலுவலர்களையும் மருத்துவமனைகளில் அமர்த்தினார்கள். மூன்றே ஆண்டில் டிரையலில் சேர்வோர் இரட்டிப்பானார்கள். நோயாளிகளின் மனம் மூன்று ஆண்டில் மாறியிருக்காது. உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார்.

சேத்துப்பட்டும் மும்பையும்

கீமோதெரபி என்றாலே புற்றுநோய் என்று இன்று நினைக்கிறோம். அந்தச் சொல்லை நம் ஊரில் முதலில் பலகையில் எழுதி மாட்டியது காசநோய்க்காக. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் கீமோதெரபி மையம், சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு குழு சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும்; இன்னொரு குழு நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959இல் முடிவு வந்தபோது வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னையின் அந்த ஏழை நோயாளிகளுக்குப் பங்கு உண்டு.

நுரையீரல் புற்றுநோயில் அதற்கு இணையாகச் சொல்ல மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய டிரையல் இருக்கிறது. செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள நோயாளிகளுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை வந்தபோது, இனி கீமோ வேண்டாம், மாத்திரை போதும் என்று ஆகியிருந்தது. மாத்திரையோடு பெமட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளையும் ஆரம்பத்திலேயே சேர்த்தால் என்ன என்று மும்பை மருத்துவர்கள் கேட்டார்கள். 350 பேர். 2020இல் வெளியான முடிவு: நோய் மீண்டும் வளரத் தொடங்கும் வரையிலான காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. விலையும் இருந்தது: கடுமையான பக்கவிளைவு 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் கூடியது. பல டிரையல்களில் சேர்க்காமல் தள்ளிவிடும் மூளைக்குப் பரவிய நோயாளிகளையும், தெம்பு குறைந்தவர்களையும் இதில் சேர்த்திருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. பின்னர் இதே கேள்வியை, விலையுயர்ந்த புதிய மாத்திரையான ஒசிமெர்டினிபை வைத்துப் பன்னாட்டு டிரையல் ஒன்று கேட்டது. அதிலும் கீமோ சேர்த்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள்.

ஜெஃபிடினிப், பெமட்ரெக்செட், கார்போபிளாட்டின் மூன்றுமே பல நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்துகள். அவற்றைச் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பதால் எந்த நிறுவனத்துக்கும் தனி லாபம் இல்லை. இந்த மாதிரிக் கேள்விகளைப் பொதுப்பணத்திலும் நன்கொடையிலும் இயங்கும் மருத்துவமனைகள்தான் கேட்க முடியும். டிரையலுக்கு ஆதரவு என்று சொல்லும்போது நான் முதலில் நினைப்பது இந்தப் பணத்தைத்தான்.

அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு

"நம் ஊர் ஏழைகளை எலியாக்குகிறார்கள்" என்ற குற்றச்சாட்டை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுநோயாளிகளிடம், அவர்களுக்குச் சரியாக விளக்காமல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு மருந்தைக் கொடுத்தது 2001இல் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு, அடுத்த ஆண்டு கடுமையான விதிகள், பிறகு 2019இல் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள் என்று சட்டம் வளர்ந்தது. டிரையலுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள், ஒரு சட்ட அறிஞர், மருத்துவம் படிக்காத ஒரு பொதுநபர் இருக்க வேண்டும். கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டிரையலால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. விதி காகிதத்தில் இருப்பதும் வார்டில் நடப்பதும் ஒன்றல்ல என்பதால், நோயாளியும் வீட்டாரும் கேட்க வேண்டியவை:

1. நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் மேலே பேசவே வேண்டாம்.

2. இது எந்தக் கட்டம்? முதல் கட்டம் என்றால் பலனை எதிர்பார்த்துச் சேர்வது தவறு. அது பிற்பாடு வருபவர்களுக்காகச் செய்வது.

3. மருந்து, ஸ்கேன், பயணச் செலவு யாருடையது? எத்தனை முறை வர வேண்டும்? தென்காசியிலிருந்து சென்னைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால், கூட வருபவரின் கூலியும் போகிறது.

4. நடுவில் விலகலாமா? எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம், வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும். இது உரிமை, சலுகை அல்ல.

5. பதிவு எண் என்ன? இந்தியாவில் 2009 ஜூன் முதல் டிரையல்களை முன்கூட்டியே சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்: எத்தனை பேர் தேவை, யார் பணம் கொடுக்கிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஒப்புதல் படிவம் பல பக்கங்கள் இருக்கும். தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த படிவங்கள் படிக்கக் கரடுமுரடாக இருப்பது உண்டு. புரியாத வரியை அடிக்கோடிட்டு, மருத்துவரையோ ஒருங்கிணைப்பாளரையோ பேச்சுத் தமிழில் சொல்லவைக்க வேண்டும். அன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய், படித்த பிள்ளைகளிடம் காட்டி, குடும்ப மருத்துவரிடம் கேட்டுவிட்டு அடுத்த முறை வரும்போது கொண்டுவரலாம்.